பீங்கான் ஊரில் வழுக்காத பாத்ரூம்!

விருத்தாசலத்துக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருவது இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று செராமிக் பொருட்கள்.

கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் ரொம்பப் பிரசித்தம். தரைமட்டத்திலிருந்து 18 அடி ஆழத்தில் இருக்கிறார். படியிறங்கித்தான் தரிசிக்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் மேலேயே நின்று கும்பிட்டுவிட்டு நகரலாம். ஆனால், வீட்டு வாசற்படியைத் தாண்டாமல் இருக்க முடியாதே!

முதுமை பற்றி இந்த ஊரில் ஒரு கதையும் உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர், விருத்தாம்பிகையைக் கிழவி என்று பாடினாராம். 'கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும்?' என்று அம்பாள் கேட்க, அவர் மாற்றிப் பாடினார். அவள் இளம்பெண்ணாக, பாலாம்பிகையாக வந்து சோறு போட்டாள். நம் வீட்டுப் பாட்டிக்கு அந்த வசதி கிடையாது. மாற வேண்டியது வீடுதான்.

முதலில் வாசல். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு என்பது மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு. பொதுக் கட்டடங்களுக்கான அளவுதான், வீட்டுக்கும் பொருந்தும். அரை அடி உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் 18 அடி நீளம் தேவை. தெருவை ஒட்டிய வீட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? பலரும் பைக் ஏற்றப் போட்ட குட்டைச் சரிவிலேயே சக்கர நாற்காலியையும் தள்ளுகிறார்கள். அது பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். பக்கவாட்டுச் சந்து இருந்தால் சரிவை அங்கே கொண்டுபோகலாம். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட வேண்டும். பின்வாசலில் படி குறைவு என்றால் அதுவே சுலபம்.

அடுத்தது பாத்ரூம். இங்கேதான் செராமிக் வருகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண், இந்த ஊர்ச் சூளைகளில் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் மாறுகிறது. மேலே பூசும் கிளேஸ், சூட்டில் உருகிக் கண்ணாடிப் படலமாகிவிடும். பொம்மைக்கு அந்தப் பளபளப்பு அழகு. பாத்ரூம் தரைக்கு ஆபத்து, ஈரம் பட்டால் கால் நிற்காது. சொரசொரப்பான மேட் டைல்ஸ் பதிப்பதே நல்லது.

கதவு 3 அடி அகலம் இருக்கட்டும். வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெஸ்டர்ன் டாய்லெட் சுமார் ஒன்றரை அடி உயரம் இருந்தால் எழுவது எளிது. பழைய இந்தியன் டாய்லெட்டை உடனே உடைக்க வேண்டாம். அதன்மேல் வைக்கும் ஓட்டை போட்ட நாற்காலி மெடிக்கல் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

பெரியவர்கள் வாஷ்பேசினைப் பிடித்து எழுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அது பீங்கான், ஆளின் எடையோடு பெயர்ந்து விழுந்தால் சில்லுகள் கத்தி மாதிரி வெட்டும். பக்கத்தில் ஸ்டீல் கைப்பிடி வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கொத்தனாரிடம் இடத்தைக் காட்டிவிட்டால், பிறகு சுவரை உடைக்கும் வேலை இல்லை.