மாகிம் கழியும் குப்பைமேட்டுச் சோலையும்

மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே ரயில் மித்தி ஆற்றைக் கடக்கையில், நம்மிற் பலர் மூக்கைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். ஒருமுறையேனும் அன்பர்கள் உற்றுநோக்க வேண்டுகிறேன். கரிய சேற்றில் மூச்சுவேர்களை நீட்டி நிற்கும் அலையாத்தி மரங்கள் கண்ணிற்படும்.

தாராவி ஆதியில் கோளி மீனவரின் ஊர். அதனைச் சூழ்ந்திருந்தது சதுப்பு நிலம். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்த நம்மவர்க்கு இச்சேற்றின் விளிம்பே கிடைத்தது. மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடிசை கட்டினர். என் பாட்டனார் கூடையிற் சுமந்து கொட்டிய மண்ணின்மேல்தான் எங்கள் இல்லம் நிற்கிறது. பிற்காலத்தில் பாந்திரா-குர்லா வளாகத்தின் மாளிகைகளும் மித்திக்கரைச் சதுப்பைத் தூர்த்தே எழுந்தன. ஏழை இருக்க இடமின்றித் தூர்த்தான். செல்வர் இருப்பது போதாமல் தூர்த்தனர்.

விளைவு யாது? கழிவுநீரையும் உப்பையும் தாங்கவல்ல வெண்கண்டல் ஒன்றே இன்று கழியெங்கும் மிகுந்துள்ளது. தொலைவிலிருந்து நோக்கின் பசுமை குறையவில்லை. ஆனால் பல்வகை மரங்கள் கூடி வாழ்ந்த வளம் குறைந்துவிட்டது. சேற்றில் வளர்ந்த மீனும் இறாலும் அருகின. கோளியரின் வலைகளும் வறிதாயின.

ஆறு குறுகியதன் பயனை 2005 ஜூலை 26 அன்று கண்டோம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை! மித்தி கரை புரண்டது. எங்கள் இல்லத்துள் இடுப்பளவு நீர். அன்னையார் பரண்மேல் அமர்ந்து விடியுமட்டும் மழையைச் சபித்தவண்ணம் இருந்தார். நீர் தங்குதற்குரிய இடத்தில் நாம் தங்கியிருக்கிறோம் என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

ஆயினும் கெடுத்த கையே திருத்தவும் வல்லது. தாராவிக்கு எதிரே, சயான்-பாந்திரா இணைப்புச் சாலையோரம், முன்னாளில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடொன்று இருந்தது. 1983இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி அங்கே முதற்கன்றை நட்டார். 1994இல் அது மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. 37 ஏக்கர்ப் பரப்பில் இன்று மரங்கள் அடர்ந்து நிழல் தருகின்றன; பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் குடியேறியுள்ளன. மித்திக்கரையில் அலையாத்தியும் உண்டு.

விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். காலடியில் குப்பை புதைந்திருப்பதையும் மறவாது சொல்லுங்கள். பாட்டனார் கொட்டிய மண்ணை நான் பழிக்கமாட்டேன். அஃதன்றேல் எமக்கு வீடேது? ஆயினும் எஞ்சிய சதுப்பில் இன்னொரு கூடை மண் விழாமற் காப்பது பேரனாகிய என் கடனன்றோ?