டக்கார் பார்க்கப் போகிறோம்

டக்கார் பந்தயத்தை நேரில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் பலர் "ஆபிரிக்காவுக்கா?" என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். செனகல் நாட்டின் தலைநகரது பெயரைத் தாங்கிய அந்தப் பந்தயம் 2007 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்நகரை எட்டியும் பார்க்கவில்லை. 2009 முதல் 2019 வரை தென்னமெரிக்காவில் ஓடியது. 2020 இலிருந்து சவூதி அரேபியாவின் மணலில் ஓடுகிறது. பெயர் மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டது. எத்தனை தடவை இடம்பெயர்ந்தாலும் பிறந்த ஊரின் பெயரை விடாமல் சுமந்து திரியும் நமக்கு இது விளங்காத விடயமல்ல.

நான் தனியாகப் போகவில்லை. அக்கரைப்பற்றைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவரும் வருகிறார். எங்கள் பகுதி வழக்கப்படி அவரைக் காக்கா என்றே அழைப்பேன். 1984 இல், 22 வயதில் சவூதிக்குப் போனவர். 1996 வரை வாதி தவாசிர் என்ற இடத்தில் ஒரு கோதுமைப் பண்ணையில் பவுசர் ஓட்டினார். ஒரு நாள் தண்ணீர், மறுநாள் டீசல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊருக்கு வந்தது இரண்டே தடவைகள். கடவுச்சீட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கடைசிப் பதினொரு மாதச் சம்பளம் இன்றுவரை கைக்கு வரவில்லை. (வாதி என்றால் அரபியில் பள்ளத்தாக்கு. நீதிமன்றத்து வாதியாக நிற்கும் வாய்ப்பு மட்டும் காக்காவுக்குக் கிடைக்கவேயில்லை.) பாலைவனத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் "மணல்தான் தம்பி, வேற என்ன" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

2020 ஜனவரி 12 ஆம் திகதி அவர் எங்கள் வீட்டில் இருந்தார். தொலைக்காட்சியில் டக்காரின் ஏழாம் நாள் ஓட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ரியாத்திலிருந்து வாதி தவாசிர் வரையான ஓட்டம் அது. அன்றுதான் போர்த்துக்கல் நாட்டு வீரர் பவுலோ கொன்சால்வெஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 40. மறுநாள் மோட்டார் சைக்கிள்களுக்கான ஓட்டத்தையே கைவிட்டார்கள். காக்கா கதிரையை இழுத்துத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த எடம் மட்டமாத் தெரியும் தம்பி. மட்டமில்ல" என்றார். அவர் எனக்குச் சொன்ன முதலாவது பாலைவனச் செய்தி அதுதான். ஒருமுறை போய்ப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

பின்னர் கொரோனா வந்தது. அதற்குப் பின்னர் 2022 வந்தது. எரிபொருள் நிலையத்தின் முன்னால் இரவு பகலாக வரிசையில் கிடந்த குடும்பத்தலைவர் ஒருவர், மணலில் கார் ஓட்டி எரிபொருளைத் தீர்க்கும் கூத்தைக் காணக் காசு சேர்ப்பதா என்று என் மனைவி கேட்டார். அவரிடம் சொல்வதற்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுமையான பதில் இல்லை.

இந்தப் பந்தயம் பிறந்ததே வழி தவறியதால்தான். தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977 இல் அபிஜான் - நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளோடு ஆபிரிக்கப் பாலைவனத்தில் தொலைந்துபோய் உயிர் தப்பினார். தப்பியவர் அந்த மணலை மறக்காமல் 1978 டிசம்பர் 26 ஆம் திகதி பாரிஸிலிருந்து டக்காருக்கு முதலாவது பந்தயத்தை நடத்தினார். புறப்பட்டவை 182 வாகனங்கள், போய்ச் சேர்ந்தவை 74. 1982 இல் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரின் மகன் ஆறு நாட்கள் சகாராவில் காணாமற்போக, உலகப் பத்திரிகைகள் எல்லாம் டக்காரின் பெயரை அறிந்துகொண்டன. சபீன் 1986 இல் மாலி நாட்டில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அவரோடு இறந்த நால்வரில் ஒருவர் செய்தி சேகரிக்கப் போன பெண் பத்திரிகையாளர்.

இவை வீரக்கதைகளாகச் சொல்லப்படுகின்றன. எனக்கு நினைவில் நிற்பது 2006 ஆம் ஆண்டு. அவ்வாண்டு அடுத்தடுத்த இரு நாட்களில் கினியில் 10 வயதுச் சிறுவனும் செனகலில் 12 வயதுச் சிறுவனும் பந்தயத்தோடு சம்பந்தப்பட்ட வாகனங்களில் அடிபட்டு இறந்தார்கள். இருவரும் போட்டியில் பெயர் பதிந்தவர்களல்லர். தம் ஊர் வீதியோரத்தில் நின்றவர்கள். 2007 டிசம்பரில் மொரித்தானியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டதை அடுத்து 2008 ஆம் ஆண்டுப் பந்தயம் நிறுத்தப்பட்டது. டக்கார் ஆபிரிக்காவை விட்டது அவ்வாறுதான்.

இனி, பயணத் திட்டத்துக்கு வருகிறேன். கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போவதைப் போல ஆசனம் பிடித்து உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டு இதுவல்ல. இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் ஓடுகிறார்கள். பார்வையாளன் எங்கு நின்றாலும் ஒரு வாகனத்தை அவன் காண்பது பத்து விநாடிகள். அதன் பிறகு புழுதி. அடுத்தது வரும்வரை மறுபடியும் மௌனம். எந்த ஊர்களுக்கு இடையே ஓட்டம் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். எந்தக் குன்றின் எந்தப் பக்கம் என்பது போட்டியாளருக்கே தெரியாது.

என்னை ஈர்த்தது இந்தத் தெரியாமைதான். அவர்களுக்கு வரைபடம் கொடுக்கப்படுவதில்லை. வழிக்குறிப்பு ஒன்று கொடுக்கப்படும். இத்தனையாவது கிலோமீற்றரில் திரும்பு, இத்தனை பாகை திசையில் போ, இங்கே பள்ளம் என்று சிறு சிறு படங்களாகச் சொல்லும் குறிப்பு. ஆபத்துக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என ஆச்சரியக்குறிகள் போட்டிருப்பார்கள். முன்பு அது காகிதச் சுருளாக இருந்தது, இப்போது மின்திரையில் தெரிகிறது. அண்மைய ஆண்டுகளில் புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர்தான் அதைக் கையில் தருகிறார்கள். செய்மதி வழிகாட்டி உண்டு, ஆனால் அது வழி காட்டாது. குறித்த புள்ளியை நெருங்கிய பின்னரே அதை வெளிப்படுத்தும். ஆகவே வேகமாக ஓடுபவனைக் காட்டிலும் வழி தவறாதவனே பெரும்பாலும் வெல்கிறான். 2024 இல் ஸ்பெயின் நாட்டின் கார்லோஸ் சைன்ஸ் 61 வயதில் கார்ப் பிரிவில் வென்றார். அவரும் காக்காவும் 1962 இல் பிறந்தவர்கள். இதைச் சொன்ன நாளிலிருந்து காக்கா அவரைச் "சின்ன வயசுப் பொடியன்" என்று குறிப்பிடுகிறார்.

மூன்று ஆச்சரியக்குறியைக் காட்டியபோது அவர் சிரித்தார். பண்ணையிலிருந்து கிணறுகளுக்குப் போகும் தடத்தில் அவர்களுக்கு இருந்த அடையாளம் பாதி புதைத்த பழைய ரயர்கள். காற்று மாறி மணல் மூடினால் ரயரும் இல்லை. முதலில் இறங்கி நடந்து பார்ப்பது, பிறகு வண்டியை விடுவது, இதுவே அவருடைய வழிக்குறிப்பு.

எங்கே நின்று பார்ப்பது என்பதில் அவர் சொன்னதும் ஏற்பாட்டாளர்கள் சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. மணற்குன்றின் இறங்கு பக்கத்தில் ஒருபோதும் நிற்கக்கூடாது. உச்சியைத் தாண்டும்வரை ஓட்டுபவனுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. 2010 இல் ஆர்ஜென்டீனாவில் முதல் நாளிலேயே பார்வையாளர் கூட்டத்துக்குள் கார் பாய்ந்து ஒரு பெண் இறந்தார். ஆகவே அனுமதித்த இடத்தில் மட்டும் நிற்பதென்றும், ஒரே இடத்தில் முழுநாளும் இருப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். துரத்திக்கொண்டு போகப் போவதில்லை. பந்தயக்காரர் தங்கும் பாசறைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. அதற்கான அனுமதியைப் பழைய தொழில் உறவுகளைக் கொண்டு முயன்று பார்க்கிறேன். உள்ளே போக முடிந்தால் நான் முதலில் தேடப்போவது டிவிஎஸ் கூடாரத்தை. நம் தெருக்களில் முச்சக்கரவண்டியாக ஓடும் அதே ஓசூர்க் கொம்பனியின் கூட்டு அணியில்தான் கேரளத்து இளைஞர் ஹரித் நோவா ஓடினார். 2024 இல் மோட்டார் சைக்கிள்களின் இரண்டாம் தரப் பிரிவில் அவர் முதலிடம் பெற்றார். நம்மவர் பத்திரிகைகளில் அது எத்தனை வரி வந்தது என்று கேட்காதீர்கள்.

விசா விடயத்தில் காக்காவுக்கு வழி இலகு. அவர் மனைவியோடு உம்றாவுக்குப் போகிறார். உம்றா விசாவில் போனவர் மக்கா, மதீனா, ஜித்தா தவிர வேறெங்கும் போகக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இப்போது இல்லை. அவர்கள் மக்காவில் இருக்கும் நாட்களில் நான் ஜித்தாவில் காத்திருப்பேன். முஸ்லிமல்லாதவர் புனித நகருக்குள் போக முடியாது. எனக்கான விசாவை முகவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். 1948 இல் வில்பிரெட் தெசிகர் என்ற ஆங்கிலேயப் பயணி வெறுமைப் பாலையைக் கடந்து, வாதி தவாசிருக்கு அருகிலுள்ள சுலையிலுக்கு வந்து சேர்ந்தபோது, மன்னரின் அனுமதி இல்லாமல் வந்தார் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். எனக்காகப் பரிந்து பேச அரண்மனையில் எவருமில்லை என்பதால் முத்திரைகளையெல்லாம் சரியாக வாங்கிக்கொண்டே புறப்படுவேன்.

மனித உரிமை அமைப்புகள் பந்தயம் சவூதிக்குப் போன 2020 இலேயே கண்டனம் தெரிவித்தன. விளையாட்டால் முகத்தைக் கழுவிக்கொள்கிறார்கள் என்பது அவர்களது வாதம். பெருமளவில் ஏற்றுக்கொள்கிறேன். அதே மணலில் பன்னிரண்டு வருடம் உழைத்த ஒருவரிடம் அந்த வாதத்தைச் சொல்லி, ஆகையால் நாங்கள் போகக்கூடாது என்று எப்படி முடிப்பது? காக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "கழுவட்டும். தண்ணி கொண்டுபோய்க் குடுத்தவன் நான்தானே" என்றார்.

போன மாதம் செய்மதிப் படத்தில் வாதி தவாசிரைத் தேடிப் பார்த்தோம். மேலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள். நடுக்கிணற்றைச் சுற்றிச் சக்கரக் கால்களில் நகரும் நீண்ட குழாய் நீர் தெளித்து உண்டாக்கிய வட்டங்கள் அவை. தெற்கிலும் கிழக்கிலும் வெறுமைப் பாலை, இலங்கையைப் போலப் பத்து மடங்கு பரப்பு. 1980 களில் அரசாங்கத்தின் மானியத்தால் சவூதி கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடானது. உறிஞ்சியது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் சேர்ந்த நீர். மீண்டும் ஊறாத நீர். 2008 இல் உள்ளூர்க் கோதுமைக் கொள்வனவைப் படிப்படியாகக் குறைக்கத் தீர்மானித்து, 2016 உடன் நிறுத்தினார்கள். பிற்பாடு சிறிது தளர்த்தினார்கள். படத்தில் சில வட்டங்கள் பச்சை. பல வட்டங்கள் தேய்ந்த நாணயம்போல மண்ணிறம். காக்கா விரலால் எண்ணிக்கொண்டே வந்து ஒரு மண்ணிற வட்டத்தில் நிறுத்தினார். வேறெதுவும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பந்தயம் 2020, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வாதி தவாசிரில் தங்கிச் சென்றது. ஆனால் எல்லா ஆண்டும் அந்த வழியாகத்தான் போகும் என்று சொல்வதற்கில்லை. நாங்கள் போகும் ஆண்டில் பாதை வேறு பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்பதே எங்களுக்குள் நீண்ட நாள் பேச்சாக இருந்தது. எனக்குப் பந்தயம் வேண்டும். அவருக்கு அந்த வட்டம் வேண்டும். முதலில் பண்ணைக்கு, பிறகுதான் பந்தயத்துக்கு என்று இப்போது தீர்த்திருக்கிறோம். இரண்டாம் வாரத்துக்குள் தைப்பொங்கலும் வந்துவிடும். வீட்டில் பொங்கல் என்னில்லாமல் பொங்கும் என்று மனைவி அறிவித்துவிட்டார்.

வாங்க வேண்டியவற்றைக் காக்கா எழுதி வைத்திருக்கிறார். ரயர்க் காற்று அளக்கும் கருவி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, தடித்த கம்பளி. ஜனவரி இரவில் அங்கே குளிர் எலும்பைத் தொடும் என்கிறார். மணலுக்குள் இறங்கினால் ரயர்க் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தனி வண்டியில் இறங்கவே கூடாது. ஆகவே உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் வண்டி எங்களுக்கு முன்னே போகும். ஒன்றில் மட்டும் இன்னும் இணக்கமில்லை. அங்கே வீதியின் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். எனக்குப் பழக்கமில்லை, அவருக்கு உண்டு. ஆனால் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரவில் ஓட்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ரியாத்திலிருந்து வாதி தவாசிர் 600 கிலோமீற்றருக்கும் மேல். விடிய முன்னர் புறப்பட்டால் பகலிலேயே போய்விடலாம் என்கிறார் காக்கா. சுபஹு தொழுகை முடிந்த கையோடு சாவியைத் தன்னிடம் தந்துவிட வேண்டுமாம்.