பகைவரின் மொழி அறிந்தவர்

அரியணைக்காகத் தமையனைக் கொன்ற தம்பியரையும், தந்தையைச் சிறையிட்ட மைந்தரையும் வரலாறு நமக்கு நிறையவே காட்டியிருக்கிறது. அரியணை தம்மைத் தேடி வந்தும் அதில் அமராமற் போனவர்களைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. அத்தகையோருள் ஒருவர் ஆப்ரி ஹெர்பர்ட். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் அல்பேனிய நாட்டுக்கு மன்னராகும்படி இருமுறை கேட்கப்பட்டவர் அவர். அவரோ ஆங்கிலேயர், கிறிஸ்தவர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் உறுப்பினர், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் இயலாத அளவுக்குக் கண்ணொளி குன்றியவர்.

ஆங்கில நாவல் படிக்கும் பழக்கமுடையோர் இவரை வேறு பெயரில் சந்தித்திருக்கக்கூடும். ஜான் பக்கன் 1916-இல் வெளியிட்ட 'கிரீன்மேன்டில்' என்னும் நாவலில் வரும் சாண்டி அர்பத்நாட் என்ற பாத்திரம் இவரை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டதே. அந்நாவலைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, மனக்கசப்பும் உண்டு. அதில் கீழ்த்திசை முஸ்லிம்கள், யாரோ ஒருவர் வந்து ஊதினால் பற்றிக்கொள்ளும் சருகுகளாகவே தோன்றுகின்றனர். ஹெர்பர்ட் பழகிய கீழ்த்திசை அதுவன்று. அவர் அங்கே கண்டவர்கள் பெயரும் ஊரும் உடைய மனிதர்கள். உண்ண அழைப்பவர்கள், கோபித்துக் கொள்பவர்கள், வேடிக்கை பேசுபவர்கள்.

1880 ஏப்ரல் 3-ஆம் நாள் ஹைகிளேர் மாளிகையின் செல்வத்திலே பிறந்தவர் அவர். தந்தையார் நான்காம் கானர்வன் பிரபு. குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்து, 1867-இல் கனடா என்னும் நாட்டை உருவாக்கிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவரே. பின்னாளில் அயர்லாந்தின் ராஜப் பிரதிநிதியாகவும் இருந்தார். முதல் மனைவியின் மைந்தர்தாம் ஐந்தாம் கானர்வன் பிரபு. 1922-இல் எகிப்தில் துத்தங்காமன் மன்னனின் கல்லறையைத் திறந்த பெயர் அவருக்குரியது. ஆங்கிலப் பிரபுக் குலத்தில் பட்டமும் பெருஞ்சொத்தும் மூத்தவருக்கே போகும். பாகப் பிரிவினையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கு கணக்கிட்டுப் பழகிய நமக்கு இம்முறை விந்தையாகத் தோன்றும். இளையவர்கள் பட்டாளத்தையோ, தேவாலயத்தையோ, தூதரகத்தையோ நாடுவது அக்குலத்தின் வழக்கம். ஆப்ரி இரண்டாம் மனைவியின் பிள்ளை. தாயார் எல்சி அம்மையார் சாமர்செட் மாவட்டத்துப் பிக்ஸ்டன் மாளிகையை அவருக்குக் கொடுத்தார்.

பிள்ளைப் பருவத்திலேயே கண் பழுதுபட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மங்கலான பார்வையே எஞ்சியது. எனினும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். இரவு நேரங்களில் கல்லூரிக் கட்டடங்களின் கூரைமீது ஏறித் திரிந்தவர் என்ற புகழும் அங்கே அவருக்கு இருந்தது. பார்வையுள்ளோர் அஞ்சுமிடத்தில் அவர் அஞ்சாததற்குக் காரணம், பள்ளம் அவர் கண்ணுக்குத் தெரியாததுதானோ என்னவோ!

கண் கொடுக்காததைச் செவி கொடுத்தது எனலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகியவற்றோடு துருக்கி, அரபு, கிரேக்கம், அல்பேனியம் ஆகிய மொழிகளும் அவர் நாவில் பழகின. டோக்கியோத் தூதரகத்தில் சிறிது காலம் ஊதியமில்லாப் பணி. பின்னர் 1904 முதல் இஸ்தான்புல் தூதரகத்தில். உதுமானியப் பேரரசின் அந்தி நேரம் அது. தூதரக மேசையைவிடத் தெருவே அவரை ஈர்த்தது. யமன் வரையிலும் பாக்தாத் வரையிலும் நாடோடி போல் அலைந்தார். 1907-இல் முதன்முதலாக அல்பேனிய மலைகளை அடைந்தார். அம்மலைநாட்டாரின் விருந்தோம்பலும், கொடுத்த வாக்குக்காக உயிரையும் விடும் பிடிவாதமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன.

1911-இல் தெற்கு சாமர்செட் தொகுதி அவரைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பால்கன் போர் மூண்டது. செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகிய அண்டை நாடுகள் அல்பேனிய நிலத்தைக் கூறுபோடப் புகுந்தன. 1912 நவம்பர் 28-இல் வ்லோரா நகரில் இஸ்மாயில் கெமாலி விடுதலைக் கொடியை ஏற்றினார். ஆனால் அக்கொடியை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு லண்டனில் கூடிய வல்லரசுத் தூதர்களின் கையில் இருந்தது. அங்கு வந்து சேர்ந்த அல்பேனியப் பிரதிநிதிகளுக்கு எவரையும் தெரியாது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியாது. ஹெர்பர்ட் அக்கதவுகளுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். அமைச்சர்கள் அவர் வீட்டு விருந்தாளிகள். அல்பேனியக் குழு ஒன்றை அமைத்து, அவர்களுக்காக மடல்கள் எழுதினார், ஆட்களைச் சந்திக்க வைத்தார், சபையில் பேசினார். குலப்பெருமையை மனிதர்கள் எத்தனையோ வீண் காரியங்களுக்குச் செலவிடுகிறார்கள். இவர் செலவிட்ட வகை இது. 1913-இல் அல்பேனியா தனி நாடாக ஏற்கப்பட்டது. ஆயினும் கொசோவோ அதற்குக் கிடைக்கவில்லை. அல்பேனிய மக்களில் பெருந்தொகையினர் புதிய எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். அந்தப் புண் அந்த நூற்றாண்டு முழுவதும் ஆறவில்லை.

அரியணைப் பேச்சு முதலில் எழுந்தது அப்போதுதான். குடும்ப நண்பரான பிரதமர் ஆஸ்க்வித் வேண்டாமெனத் தடுத்தார். மகுடம் வீட் நாட்டு ஜெர்மன் இளவரசர் வில்லியமுக்குப் போயிற்று. அவரும் 1914-இல் ஆறு மாதங்களே ஆண்டு, செப்டம்பரில் கப்பலேறிவிட்டார். போர் முடிந்தபின் மீண்டும் எழுந்த பேச்சும் கைகூடவில்லை.

1914-இல் உலகப் போர் தொடங்கியபோது, பார்வைக் குறைவால் எந்தப் படையிலும் அவருக்கு இடமில்லை. அவரோ தையற்காரரிடம் அதிகாரிச் சீருடை ஒன்றைத் தைத்து வாங்கி, ஐரிஷ் கார்ட்ஸ் படை பாசறையிலிருந்து அணிவகுத்துப் புறப்பட்ட நாளில் அவர்களோடு கலந்து நடந்து கப்பலேறிவிட்டார்! பிரான்சில் சில வாரங்களிலேயே காயமுற்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பின்வாங்கிய ஜெர்மானியர் அவரை விட்டுச் சென்றதால் மீண்டார். அவர் மொழியறிவின் பயனை அரசு அதன்பிறகே உணர்ந்து, உளவுத்துறைப் பணிக்குக் கெய்ரோவுக்கு அனுப்பியது. 1915 வசந்தத்தில் கலிப்போலியில் இறங்கினார். எதிரே நின்றவர்கள், அவர் பத்தாண்டுகளாக நேசித்து வந்த துருக்கியர்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கலிப்போலிக்கு இந்தியப் படைகளும் கொண்டு போகப்பட்டன. அவற்றுள் பாதியளவு முஸ்லிம்களைக் கொண்ட இரு பஞ்சாபிப் படைப்பிரிவுகளை, கலீஃபாவின் சேனையை எதிர்த்துப் போரிடுவார்களோ மாட்டார்களோ என்ற ஐயத்தால் மே மாதமே அங்கிருந்து எடுத்து பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயினும் மலைப் பீரங்கிப் படைகளில் பஞ்சாபி முஸ்லிம்கள் தொடர்ந்து நின்றனர். ஒரே திசை நோக்கித் தொழுதவர்கள் ஒருவரையொருவர் சுட்டனர். ஹெர்பர்ட்டின் மனப்போராட்டத்தைப் பேசும்போது, நாட்குறிப்பு எழுதி வைக்காத அந்தச் சிப்பாய்களின் மனப்போராட்டத்தையும் நினையாதிருக்க நம்மால் முடியவில்லை.

மே 19-ஆம் நாள் விடியுமுன் சுமார் 42,000 துருக்கியர் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் பதுங்குகுழிகள் மீது பாய்ந்தனர். சூரியன் ஏறுவதற்குள் ஏறத்தாழ 10,000 பேர் சாய்ந்தனர். அவர்களுள் 3,000 பேர் மாண்டவர்கள். இருதரப்புக் குழிகளுக்கும் இடையே, சிலவிடங்களில் சில கெஜ தூரமே உள்ள வெளியில், உடல்கள் வெயிலில் கிடந்தன. ஏப்ரலில் இறந்தவர்களும் அங்கேயே கிடந்தனர். குற்றுயிராய்க் கிடந்தவர்களின் முனகல் இருபக்கமும் கேட்டது. நல்லடக்கம் செய்ய ஒரு நாள் போரை நிறுத்த வேண்டும் என்று மேலிடத்தில் மன்றாடியவர்களுள் ஹெர்பர்ட் முதன்மையானவர். உடன்பாடு பேசத் துருக்கிய அதிகாரி ஒருவர் கண் கட்டப்பட்டு இப்பக்கம் அழைத்து வரப்பட்டார். அவருக்குப் பிணையாக ஹெர்பர்ட் கண் கட்டப்பட்டுத் துருக்கியர் பக்கம் போனார்.

மே 24-ஆம் நாள் காலை 7-30 மணி முதல் மாலை 4-30 மணி வரை துப்பாக்கிகள் ஓய்ந்தன. இருதரப்பாரும் தத்தம் இறந்தோரைப் புதைத்தனர். நாற்றம் தாங்காமல் துருக்கியர் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்தனர். ஒரு பள்ளத்தாக்கு முழுதும் உடல்களால் நிரம்பியிருந்தது கண்டு அதிகாரிகளே பேச்சிழந்தனர். ஒரு கட்டத்தில் துருக்கியச் சிப்பாய்கள், தம் அதிகாரிகள் அருகில் இல்லாதபோது, ஹெர்பர்ட்டிடமே வந்து உத்தரவு கேட்டனர், அவரும் கொடுத்தார். மாலையில் நேரம் நெருங்கியபோது இருபக்க வெள்ளைக்கொடி வீரர்களையும் கைகுலுக்கச் செய்தார். நாளைக்கு நீங்கள் என்னைச் சுடுவீர்கள் அல்லவா என்று அவர் வேடிக்கையாகக் கேட்க, அல்லாஹ் அப்படிச் செய்யாதிருப்பானாக என்று பதறிச் சொன்னார்கள் துருக்கியர். அந்தப் படையில் இருந்த அல்பேனியரோ சிரித்து ஆரவாரித்து, உம்மை ஒருபோதும் சுடமாட்டோம் என்றார்கள். வழியனுப்பும்போது துருக்கிய வழக்கப்படி, சிரித்தபடி போய்ச் சிரித்தபடி வாரும் என்று வாழ்த்தினார்கள். எல்லோரும் குழிகளுக்குள் திரும்பிய சற்று நேரத்திற்கெல்லாம் வேட்டொலி மீண்டும் தொடங்கிற்று.

அடுத்த ஆண்டு மெசப்பத்தேமியாவில், கூத் நகரில், ஜெனரல் டவுன்ஷென்டின் படை முற்றுகையிடப்பட்டுப் பட்டினி கிடந்தது. அதில் பெரும்பாலோர் இந்தியர். மீட்க முயன்ற போர்களில் மட்டும் 23,000 பேர் வீழ்ந்தனர் அல்லது காயமுற்றனர். 147 நாட்களுக்குப் பின், 1916 ஏப்ரல் 29-இல் சுமார் 13,000 பேர் சரணடைந்தனர். அன்று ஹெர்பர்ட்டும், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற லாரன்சும், கர்னல் பீச்சும் வெள்ளைக்கொடியோடு துருக்கியத் தளபதி கலீல் பாஷாவைக் காணச் சென்றனர். இஸ்தான்புல்லில் பிரிட்டிஷ் தூதரக விருந்து ஒன்றில் கலீலும் ஹெர்பர்ட்டும் முன்பே சந்தித்திருந்தனர். அந்தப் பழைய அறிமுகத்தால் பேச்சு இனிமையாயிற்றே தவிர, பலன் பெரிதாக இல்லை. படையை விடுவித்தால் 20 இலட்சம் பவுன் தருவதாகப் பிரிட்டன் கூறியதை அன்வர் பாஷா முன்னரே மறுத்து, உலகறியச் செய்து அவமானப்படுத்தியிருந்தார். நோயாளிகளை மாற்றிக்கொள்ள மட்டும் இசைவு கிடைத்தது. ஆங்கிலேயருக்கு உதவிய கூத் நகர அரபு மக்களைத் தண்டிக்க வேண்டாமென்று ஹெர்பர்ட் கேட்டார். தெளிவான வாக்கு கிடைக்கவில்லை. பின்னர் பலர் தூக்கிலிடப்பட்டனர். சிறைப்பட்ட சிப்பாய்கள் பாலைவனம் வழியே நடத்திச் செல்லப்பட்டனர். ஆங்கிலச் சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டோரும், ஆயிரக்கணக்கான இந்தியரும் திரும்பவில்லை.

இவ்வனுபவங்களை 1919-இல் 'மோன்ஸ், ஆன்சாக், கூத்' என்ற நூலாக வெளியிட்டார். கட்சி அரசியலில் அவர் உயர்ந்த பதவி எதையும் அடையவில்லை. அடைய விரும்பினார் என்றும் தோன்றவில்லை. அயர்லாந்தில் அரசுப் படைகள் பழிவாங்கும் வெறியில் ஊர்களை எரித்தபோது, தம் கட்சி பங்குகொண்ட அரசையே எதிர்த்து நின்றார். 1920 டிசம்பரில் அல்பேனியா சர்வதேச சங்கத்தில் இடம்பெற்றதில் அவர் முயற்சிக்கும் பங்குண்டு. 1922-இல் துருக்கியோடு மீண்டும் போர் மூளும் நிலை வந்தபோது அது கூடாதென வாதிட்டார்.

துருக்கியர்பால் அன்புடைய நாம் விரும்பித் தாண்டிச் செல்லக்கூடிய ஒரு பக்கமும் இவ்வரலாற்றில் உண்டு. நம் முன்னோர் பெருமையோடு துருக்கித் தொப்பி அணிந்தவர்கள். கிலாபத்துக்காகத் தெருவில் இறங்கியவர்கள். ஆயினும் உண்மை உண்மையே. 1921 பிப்ரவரியில் ஜெர்மனியில் தலைமறைவாய் வாழ்ந்த தலாத் பாஷா, ஹெர்பர்ட்டைச் சந்திக்க விரும்பினார். போர்க்காலத்தில் ஆர்மீனிய மக்கள் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டபோது துருக்கிய உள்துறையை நடத்தியவர் தலாத். ஹெர்பர்ட் போனார், பேசினார், கேட்டுக்கொண்டார். அக்கொலைகளின் பொறுப்பைத் தலாத் தம்மேல் ஏற்கவில்லை. மார்ச் 15-இல் பெர்லின் தெருவில் ஆர்மீனிய இளைஞர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அச்சந்திப்பை எழுதி வைத்த ஹெர்பர்ட்டின் எழுத்தில், எதிரே அமர்ந்தவரின் கவர்ச்சிக்குச் சற்று இடம் கொடுத்துவிட்டார் என்றே நமக்குப் படுகிறது. யாரோடும் அமர்ந்து பேசக்கூடிய அவர் குணத்திற்கு அது ஒரு விலை. அதே குணம் இல்லாதிருந்தால் கலிப்போலியில் அந்த 9 மணி நேரமும் வாய்த்திராது.

1923-ஆம் ஆண்டு அக்குடும்பத்துக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் தமையனார் கெய்ரோவில் மறைந்தார். ஹெர்பர்ட்டுக்கு மிச்சமிருந்த பார்வையும் அணைந்துகொண்டிருந்தது. பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டால் பார்வை திரும்பும் என்று அவர் மதித்த பழைய ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். அதை நம்பிப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார். இரத்தத்தில் நஞ்சேறி, செப்டம்பர் 26-இல் லண்டனில் உயிர் நீத்தார். வயது 43.

அவருடைய கீழ்த்திசைப் பயணக் குறிப்புகள் மறு ஆண்டு 'பென் கெந்திம்' என்ற துருக்கித் தலைப்போடு வெளிவந்தன. 'நானேதான்' என்பது அதன் பொருள். தாயார் எல்சி அம்மையார் முதிய வயதில் அல்பேனியாவுக்குச் சென்று அகதிகளுக்கு உதவினார். வீடிழந்து வந்தவர்களுக்காக அங்கே அமைந்த சிற்றூர் ஒன்று ஹெர்பர்ட் என்று பெயர் பெற்றது. தலைநகர் திரானாவில் மகன் நினைவாக ஒரு நூலகமும் எழுந்தது.