ஸ்டாண்ட்பையைக் காக்கும் கைகள்

வங்கி, பங்குச் சந்தை, ரயில்வே முன்பதிவு போன்ற இடங்களில் டேட்டாபேஸ் நின்றால் வேலையே நின்றுவிடும். தீ, வெள்ளம், மின்கோளாறு, ஸ்டோரேஜ் பழுது என்று எது வந்தாலும் வேறொரு ஊரிலிருந்து அதே டேட்டாவோடு வேலையைத் தொடர, இரண்டாவது டேட்டாபேஸ் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள். அதுதான் ஸ்டாண்ட்பை. தேசியப் பங்குச் சந்தையின் பிரதான தளம் மும்பையில் இருக்கிறது, டி.ஆர். சைட் எனப்படும் பேரிடர் மீட்புத் தளம் சென்னையில். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வெளிநாட்டு வங்கிகளின் ஸ்டாண்ட்பைகளை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் டி.பி.ஏ.க்களும், அதாவது டேட்டாபேஸ் நிர்வாகிகளும் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாத வேலை அது. நன்றாக நடக்கும்வரை உள்ளே இருப்பவர்களுக்குக்கூட அதன் நினைவு வருவதில்லை.

இந்தத் தொழிலின் அடிப்படை ரீடோ லாக். டேட்டா ஃபைலில் ஒரு மாற்றம் போய்ச் சேருவதற்கு முன்பே அதன் குறிப்பு ரீடோ லாகில் எழுதப்பட்டாக வேண்டும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் நாள்வழியில் குறித்துக்கொள்வதைப் போல. அந்த நாள்வழியின் பிரதியை உடனுக்குடன் இன்னோர் ஊருக்கு அனுப்பி, அங்கே ஒருவர் அதை வரிசை மாறாமல் ஏற்றிக்கொண்டே வந்தால் இரண்டு பேரேடுகளும் ஒன்றாகவே இருக்கும். ஆரக்கிளில் ரீடோ, போஸ்ட்கிரெஸில் டபிள்யூ.ஏ.எல்., மைஎஸ்கியூஎல்லில் பின்லாக் என்று பெயரும் நுணுக்கமும் மாறினாலும், மாற்றங்களின் பதிவை அனுப்பி மறுமுனையில் ஏற்றும் வழி ஒன்றுதான். ஒரு காலத்தில் ஆரக்கிள் டி.பி.ஏ.க்கள் ஆர்க்கைவ் லாக்குகளை ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி நகலெடுத்து, மறுமுனையில் கையால் ரிகவர் செய்தார்கள். 1999-இல் வந்த 8ஐ பதிப்பு அந்த வேலையைத் தானியங்கியாக்கியது. 2001-இல் 9ஐ பதிப்போடு அதற்கு டேட்டா கார்ட் என்ற பெயர் வந்தது.

டேட்டா கார்டில் ஸ்டாண்ட்பை பக்கம் இரண்டு பணியாளர்கள் முக்கியம். ஆர்.எஃப்.எஸ். என்ற பிராசஸ் பிரைமரியிலிருந்து, அதாவது பிரதான டேட்டாபேஸிலிருந்து வரும் ரீடோவை வாங்கி டிஸ்கில் எழுதும். எம்.ஆர்.பி. அதை எடுத்து டேட்டா ஃபைல்களில் ஏற்றும். வாங்குவது ஒருவர், ஏற்றுவது இன்னொருவர். இந்தப் பிரிவினை மனதில் பதியாதவர் ஸ்டாண்ட்பையை எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் ஏமாறுவார்.

தூரம் இங்கே ஒரு பெரிய விஷயம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே கேபிள் 1,300 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், போய்வர மட்டும் 13 மில்லி செகண்ட். ‘ரீடோ சென்னையில் எழுதப்பட்ட பிறகுதான் கமிட் முடியும்’ என்று சிங்க் முறையில் வைத்தால், ஒவ்வொரு கமிட்டும் குறைந்தது அந்த 13 மில்லி செகண்ட் காத்திருக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வரும் சந்தைக்கு அது கட்டுபடியாகாது. காத்திராமல் அனுப்பும் அசிங்க் முறையில் வேகம் இருக்கும், ஆனால் பிரைமரி திடீரென்று செத்தால் வழியில் இருந்த சில நொடி ரீடோ போய்விடும். இதற்கு நடுவழியாகத்தான் பிரைமரிக்குச் சற்று அருகிலேயே நியர் சைட் வைக்கிறார்கள். அங்கே டேட்டா இழக்காமல் சிங்க், தொலைவிலுள்ள டி.ஆர். தளத்துக்கு அசிங்க்.

எவ்வளவு டேட்டா போனால் பொறுக்கலாம் என்பது ஆர்.பி.ஓ., எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஆர்.டி.ஓ. பங்குச் சந்தைகளுக்கு ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 மார்ச்சில் விதித்த வரம்பு கறாரானது. கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் டி.ஆர். தளத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும், டேட்டா இழப்பு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய மாதம் 24-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு நின்ற வர்த்தகம் மாலை 3.45-க்குத்தான் திரும்பியது. டி.ஆர். தளம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. மாறலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்துக்கும் செபி ஒரு கடிகாரம் வைத்தது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

இரவு ஷிஃப்டில் ஒரு டி.பி.ஏ. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், திரையில் முதலில் தெரிவது இரண்டு எண்கள்: டிரான்ஸ்போர்ட் லேக், அப்ளை லேக். ரீடோ வந்து சேருவதில் எவ்வளவு தாமதம், ஏற்றுவதில் எவ்வளவு தாமதம் என்பவை அவை. புதிதாகச் சேர்ந்தவர் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ‘ஓகே’ என்று ஷிஃப்ட் ஷீட்டில் எழுதிவிடுவார். அனுபவப்பட்டவர் பக்கத்துப் பத்தியில் இருக்கும் நேரத்தையும் பார்ப்பார். அந்த எண் எப்போது வந்த தகவலை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று சொல்லும் பத்தி அது. நெட்வொர்க் அறுந்துபோனால் லேக் பழைய எண்ணிலேயே உறைந்து நிற்கலாம். பத்தியில் நேரம் நகரவில்லை என்றால் அந்த பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. அதனால் பல அணிகள் பிரைமரியில் தனி டேபிள் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, படிக்கத் திறந்துவைத்த ஸ்டாண்ட்பையில் அதே வரி வந்துவிட்டதா என்று படித்துப் பார்க்கின்றன. கருவிகள் சொல்லும் எல்லா லேக்குகளையும்விட நம்பத்தக்க சோதனை இதுதான்.

‘லாக் வருது, அப்ளை ஆகலை.’ இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பகலில் யாரோ பிரைமரியில் டேபிள்ஸ்பேஸுக்குப் புதிய டேட்டா ஃபைல் சேர்த்திருப்பார். ஸ்டாண்ட்பையிலும் அந்த ஃபைல் தானாக உருவாக வேண்டுமென்றால் அதற்குரிய பாராமீட்டர் ‘ஆட்டோ’ என்று இருக்க வேண்டும். முன்பு எப்போதோ ஒரு வேலைக்காக ‘மேனுவல்’ என்று மாற்றியவர் திருப்பி வைக்க மறந்திருந்தால், ஸ்டாண்ட்பையில் நிஜ ஃபைலுக்குப் பதிலாக ‘அன்நேம்டு’ என்று தொடங்கும் ஒரு வெற்றுப் பெயர்தான் பதிவாகும். எம்.ஆர்.பி. அந்த இடத்துக்கு வந்ததும் அலர்ட் லாகில் பிழையை எழுதிவிட்டு நின்றுவிடும். ஆர்.எஃப்.எஸ்.ஸோ இதையெல்லாம் அறியாமல் ரீடோவை வாங்கிக் குவித்துக்கொண்டே இருக்கும். பிரைமரி பக்கமிருந்து பார்த்தால் எல்லா லாக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பிழை எதுவும் இல்லை. ஸ்டாண்ட்பை பக்கம் பார்த்தால்தான் வந்த கடைசி சீக்வென்ஸுக்கும் ஏறிய கடைசி சீக்வென்ஸுக்கும் இடையே இடைவெளி மணிக்கு மணி வளர்வது தெரியும். சரிசெய்வது சில நிமிட வேலை: அந்த வெற்றுப் பெயருக்கு உண்மையான ஃபைலை உருவாக்கி, பாராமீட்டரை ஆட்டோவாக்கி, எம்.ஆர்.பி.யை மறுபடி கிளப்ப வேண்டும். கண்டுபிடிக்கத் தாமதமானால்தான் ஆபத்து. குவிந்த லாக்குகள் ரிகவரி ஏரியாவை நிரப்பி ஆர்.எஃப்.எஸ்.ஸையும் நிறுத்தும். அதற்குள் பிரைமரியில் பழைய ஆர்க்கைவ் லாக்குகள் அழிக்கப்பட்டுவிட்டால் நடுவில் நிரந்தரமாக ஒரு கேப் விழும்.

கேப் சிறியதானால் டேட்டா கார்டே விடுபட்ட லாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லாக் எங்குமே இல்லையென்றால் பிரைமரியிலிருந்து இன்க்ரிமென்டல் பேக்கப் எடுத்துக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும், அல்லது ஸ்டாண்ட்பையை அடியிலிருந்து கட்ட வேண்டும். ஸ்டாண்ட்பையில் ஏறாத லாக்கை அழிக்கக் கூடாது என்று ஆர்மேன் கருவியில் ஒரு வரியில் விதித்துவிடலாம். அந்த ஒரு வரி இல்லாத இடங்கள் இன்னமும் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு கோளாறு இதைவிடக் கள்ளத்தனமானது. பெரிய லோடு வேகமாக முடியட்டும் என்று டெவலப்பர் நோலாகிங் முறையில் டேட்டாவை ஏற்றினால் அதற்கு ரீடோ பிறப்பதில்லை. லேக் பூஜ்யம், கேப் கிடையாது, எம்.ஆர்.பி. ஓடுகிறது. ஆனால் ஸ்டாண்ட்பையை என்றாவது திறந்து அந்த டேபிளைப் படித்தால் பிளாக் கெட்டுவிட்டது என்று பிழை வரும். ஸ்டாண்ட்பை அமைக்கும் முதல் நாளே பிரைமரியில் ரீடோவைக் கட்டாயமாக்கும் ஃபோர்ஸ் லாகிங் போட வேண்டும் என்பது இதனால்தான்.

ரெப்ளிகேஷன் பின்தங்கும்போது மனிதர்கள் எப்படித் தடுமாறுவார்கள் என்பதற்கு கிட்லேப் நிறுவனம் தானே வெளியிட்ட அறிக்கையைப் போல வெளிப்படையான ஆவணம் வேறில்லை. 2017 ஜனவரி 31 இரவு, அதிகச் சுமையால் அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் இரண்டாம் சர்வர் பின்தங்கியது. அதற்குத் தேவையான டபிள்யூ.ஏ.எல். ஃபைல்களை பிரைமரி ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. அவற்றை ஆர்க்கைவ் செய்யும் ஏற்பாடும் இல்லை. இரண்டாம் சர்வரை மறுபடி கட்டும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றது. பழைய டேட்டா டைரக்டரிதான் தடையோ என்று நினைத்த பொறியாளர் அதை அழித்தார். அவர் இருந்த டெர்மினல் பிரைமரியினுடையது. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினாலும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால் அது பல நாளாகவே எடுக்கப்படவில்லை. டேட்டாபேஸ் 9.6, டம்ப் கருவி 9.2 என்பதால் ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காகக் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்தப் பொறியாளரைப் பலிகொடுக்காமல் நடந்ததை முழுதும் எழுதிவைத்த கிட்லேப் மதிக்கத்தக்கது. புரொடக்‌ஷன் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக்கும் பழக்கமும், பிராம்ப்ட்டில் ‘பிரைமரி’, ‘ஸ்டாண்ட்பை’ என்று எழுதிவைக்கும் பழக்கமும் அலங்காரமல்ல என்பது அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு விளங்கும்.

ஸ்டாண்ட்பை இருக்கிறதே என்று பேக்கப்பைக் கைவிடுவதும் இதே போன்ற ஆபத்து. ‘வேர்’ நிபந்தனை இல்லாமல் ஒருவர் டெலீட் அடித்துக் கமிட் செய்தால், ஸ்டாண்ட்பை அதையும் விசுவாசமாக அடுத்த நொடியில் செய்து முடிக்கும். தளம் அழிந்தால் காக்கத்தான் ஸ்டாண்ட்பை, கை தவறினால் காப்பது பேக்கப்பும், டேட்டாபேஸைப் பின்னோக்கி இழுக்கும் ஃபிளாஷ்பேக்கும்.

ஸ்டாண்ட்பை உண்மையிலேயே வேலைக்கு ஆகுமா என்பதை எந்தத் திரையும் சொல்லாது, டி.ஆர். டிரில் மட்டுமே சொல்லும். இரு பக்கமும் நலமாக இருக்கும்போது திட்டமிட்டுப் பாத்திரம் மாற்றுவது ஸ்விட்ச்ஓவர். டேட்டாபேஸ் மாறுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. மீதி நேரம் முழுவதும் மற்றவற்றில் போகிறது: அப்ளிகேஷனின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் யாரோ பழைய ஐபி முகவரியை நேரடியாக எழுதியிருப்பார், ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறக்கப்படாமல் இருக்கும், இரவு பேட்ச் ஜாப்கள் டி.ஆர். பக்கம் இருக்கவே இருக்காது. இவை டிரில்லில் வெளிப்பட்டால் பாடம், பேரிடர் நாளில் வெளிப்பட்டால் நாசம். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச் சந்தை இதற்காகவே சந்தையைத் திறந்தது. காலை 9.15 முதல் 10 மணிவரை பிரதான தளத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 வரை டி.ஆர். தளத்திலிருந்தும் உண்மையான வர்த்தகம் நடந்தது. உண்மையான பணத்தோடு செய்யும் டிரில்லுக்கு ஈடு கிடையாது.

பிரைமரி செத்த பிறகு செய்வது ஃபெயில்ஓவர். அதைத் தானியங்கியிடம் விடுவதா, மனிதர் முடிவெடுப்பதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நெட்வொர்க் வெறும் 43 நொடி துண்டிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் மென்பொருள் தானாகவே அமெரிக்க மேற்குக் கரை டேட்டாபேஸை பிரைமரியாக்கிவிட்டது. கிழக்குக் கரையில் ஏறியிருந்த சில நொடி எழுத்துகள் மேற்கில் இல்லை, மேற்கின் புதிய எழுத்துகள் கிழக்கில் இல்லை. இரண்டையும் பொருத்திச் சேவையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிடம் ஆனது. ஊர் விட்டு ஊர் மாறும் முடிவை ஒரு மனிதரிடம் வைத்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் இல்லாவிட்டால் யார் என்பதையும் முன்கூட்டியே ரன்புக்கில் எழுதிவைப்பதே மேல்.

ஃபெயில்ஓவரோடு வேலை முடிவதில்லை. பழைய பிரைமரி பிழைத்து எழுந்தால் அதை நேராக ஓட விடக் கூடாது. ஃபிளாஷ்பேக் போட்டிருந்தால், பிரிந்த புள்ளிக்குப் பின்னோக்கி இழுத்து ஸ்டாண்ட்பையாக இணைத்துவிடலாம். இல்லையென்றால் புதிதாகக் கட்ட வேண்டும், பல டெராபைட் இருந்தால் அதற்கு நாள்கணக்கில் ஆகும். அது முடியும்வரை அந்த நிறுவனம் ஸ்டாண்ட்பை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.