குறியும் நெறியும்

கலைகளும் விளையாட்டுகளும் மனிதரைப் பண்படுத்தவென்றே தோன்றியவை என்பர். உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டி, சதுரங்கம், பரதம், மிருதங்கம் என எம் பிள்ளைகள் பயிலும் துறைகள் பலவாகும். அவற்றுள் எதனைக் குறித்தும் எம் இல்லங்களில் நீண்ட விவாதம் எழுவதில்லை. ஆயின், துப்பாக்கி சுடும் விளையாட்டு என்னும் சொற்றொடர் ஓர் ஈழத்தமிழர் இல்லத்தினுள் நுழையுமாயின், முதலில் அங்கே மௌனமே குடிகொள்ளும். அந்த மௌனத்தின் காரணத்தை இம்மலரை வாசிக்கும் பெற்றோர் அறிவர். பிள்ளைகளோ அதனைக் கேட்டறிந்தவர்களே அன்றிப் பட்டறிந்தவர்கள் அல்லர்.

பொபினியில் வாழும் எமது இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. செப்டெம்பர் மாதத்தில் நகரின் விளையாட்டுக் கழகங்கள் யாவும் ஓரிடத்திற் கூடித் தம்மை அறிமுகஞ் செய்யும் நாளொன்றில், பதின்மூன்று வயதுடைய எம் மகள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பத்து மீற்றர் தூரக் காற்றுக் கைத்துப்பாக்கிப் பயிற்சி, உள்ளரங்கில், சிறுவர்க்கான வகுப்பு என அதில் அச்சிடப்பட்டிருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்களோடு மக்களாய் மழையில் நடந்து தென்மராட்சி சென்ற அவளுடைய அம்மம்மா அதனைப் பார்த்துவிட்டு, "அந்தச் சாமானுக்குப் பயந்துதானே பிள்ளை, இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டார். எவரும் மறுமொழி கூறவில்லை. அம்மம்மாவின் கேள்வி நியாயமானது. பிள்ளையின் விருப்பமும் குற்றமானதன்று. ஆகவே, தீர்ப்புக் கூறுமுன் நேரிற் சென்று பார்ப்பதென முடிவு செய்தோம்.

முதலில் சட்டத்தை அறிந்துகொண்டோம். பிரான்சில் தோட்டாவைப் பயன்படுத்தும் கைத்துப்பாக்கியை விளையாட்டு வீரர் ஒருவர் தமக்கெனக் கொள்வதாயின், கழக அங்கத்துவம் மட்டும் போதாது. அரசின் அனுமதியும் வேண்டும். அவ்வனுமதியை வழங்குவது பிரிபெக்தூர் ஆகும். நாம் வதிவிட அட்டைக்காகச் சென்றுவந்த அதே பொபினி அலுவலகத்திலேயே இம்மாவட்டத்தவர்க்கான ஆயுத அனுமதிகளும் பரிசீலிக்கப்படுகின்றன என்பதை அன்றுதான் அறிந்தோம். சிறுவர் பயில்வதோ அமுக்கப்பட்ட காற்றினால் இயங்கும் துப்பாக்கியாகும். அதனையும் பதினெட்டு வயது நிரம்பாதோர் விலைக்கு வாங்க இயலாது. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன், கழகத்தின் துப்பாக்கியைக் கழகத்திலேயே, பயிற்றுநர் முன்னிலையிற் பயன்படுத்தி, அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை, தமிழ் வகுப்பு முடிந்தபின் அந்தச் சுடுகூடத்திற்குச் சென்றோம். நீண்ட ஓர் அறை. ஒரு புறம் மேசைகள் வரிசையாக இருந்தன; மறுபுறம் பத்து மீற்றர் தொலைவில் சிறு அட்டைகள் தொங்கின. அவ்வறையில் எதிர்பாராத ஒரு பண்பு காணப்பட்டது. அது அமைதியாகும். நூலகத்திற் கூட அத்தகைய அமைதியை நாம் கண்டதில்லை. இடையிடையே 'டப்' என்ற மெல்லிய ஒலி எழும். மீண்டும் அமைதி நிலவும்.

முதல் நாள் வகுப்பில் எவரும் சுடவில்லை. குழல் எப்பொழுதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். சுடுங்கணம் வரையில் விரல் விசையைத் தொடலாகாது. துப்பாக்கி வெறுமையாக உள்ளதெனப் பிறர் கண்டறியும் வண்ணம் பளிச்சிடும் நிறமுடைய நூலொன்று குழலினூடே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். நிறுத்து என்னும் கட்டளை எழுந்தால் அக்கணமே அனைவரும் நிறுத்த வேண்டும். இவற்றையே அன்று முழுவதும் மீட்டும் மீட்டும் சொல்லிக் கொடுத்தனர். அரிச்சுவடி கற்பிக்கும் ஆசிரியரின் பொறுமையை அங்கே கண்டோம்.

அடுத்து வந்த வாரங்களில் அடிப்படைகள் ஒவ்வொன்றாகப் புகட்டப்பட்டன. முதலாவது நிற்கும் முறை. கால்கள் தோளளவு அகன்றிருக்க, உடல் ஏறத்தாழப் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். ஒரு கை மட்டுமே துப்பாக்கியைத் தாங்கும்; மற்றக் கை சட்டைப் பையிலோ இடைவாரிலோ ஓய்ந்திருக்கும். 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கிய வீரர் யூசுப் டிக்கெச், ஒரு கையைப் பையிலிட்டு நின்ற படம் உலகெங்கும் பரவியதை மாணவர்கள் நினைவு கொள்வர். அதனை அலட்சியமென்று பலர் எண்ணினர். ஓய்ந்திருக்கும் கை அசைந்தால் உடலும் அசையும் என்பதே அதன் காரணமாகும்.

இரண்டாவது கண்ணின் வேலை. துப்பாக்கியின் முனையில் ஒரு முன்குறியும், பிற்பகுதியில் நடுவே பள்ளமுடைய ஒரு பின்குறியும் உண்டு. பள்ளத்தின் நடுவே முன்குறி சமமாக நிற்க வேண்டும். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். ஆகவே முன்குறி, பின்குறி, இலக்கு ஆகிய மூன்றில் எதனைத் தெளிவாகக் காண்பது என்ற வினா எழுகின்றது. இலக்கை என்றே நாம் எண்ணியிருந்தோம். பாரதத்தில் துரோணர் வினவியபோது, மரத்தையும் காணேன், கிளையையும் காணேன், பறவையின் தலையை மட்டுமே காண்கிறேன் என்று அருச்சுனன் விடை பகர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அன்றோ நாம்! ஆயின் பயிற்றுநரோ, முன்குறியையே பாருங்கள். இலக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்றார்.

இதன் நியாயம் எளிய கணிதமாகும். கை நடுங்கித் துப்பாக்கி முழுவதும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீற்றரே விலகும். ஆனால் இரு குறிகளுக்குமிடையே 32 சென்ரிமீற்றர் தூரமிருக்க, முன்குறி மட்டும் ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றால், பத்து மீற்றர் அப்பால் அப்பிழை 31 மில்லிமீற்றராகப் பெருகும். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மட்டுமே. கண்ணருகே நிகழும் சிறு பிழை பத்தை ஏழாக்கிவிடும். தூரத்திலுள்ளதை அடைய அருகிலுள்ளதைச் சீர்செய்க என்பதே இதன் பொருளாகும். வடிவொத்த முக்கோணிகளைப் பாடசாலையிற் கற்கும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

மூன்றாவது விசையை அழுத்தும் முறை. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. அதனைத் திடீரென இழுத்தால் குறி கலையும். சீராக, மெல்ல மெல்ல அழுத்துதல் வேண்டும். இதனைப் பழக்குவதற்கு வட்டம் ஏதும் இல்லாத வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டுச் சுடச் செய்தனர். புள்ளி இல்லையெனில் புள்ளி மீதான ஆசையும் இல்லை; மனம் செயலில் மட்டுமே நிற்கும். பெறுபேற்றையே எண்ணிப் பிள்ளைகளை வாட்டும் பெற்றோராகிய எமக்கும் அந்த வெள்ளைத் தாள் ஒரு பாடமாகவே தோன்றியது. சுட்டபின்னரும் சில கணங்கள் கையை இறக்காது, குறியை நோக்கியவாறே நிற்க வேண்டும் என்பதும் ஒரு விதியாகும்.

இவை யாவற்றிலும் மேலாக எம்மைத் தொட்டது மற்றொன்று. மூச்சை வெளிவிட்டு அடக்கி, கை அசைவற்றிருக்கும் நேரம் ஏழெட்டு விநாடிகளே. அதற்குள் விசை விடுபடாவிடின், கண் களைக்கும், கை நடுங்கும். அப்பொழுது வலிந்து சுடுதல் தவறு. கையை இறக்கி, மூச்சு விட்டு, மீண்டும் தொடங்க வேண்டும். போட்டியில் 60 முறை சுட 75 நிமிடங்கள் அளிக்கப்படுகின்றன. அவ்வாறு இறக்கி மீள்வதற்கும் அதில் நேரமுண்டு. எம் மகள் முதல் மாதத்தில் அனைத்தையும் சுட்டே தீர்த்தாள். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், உயர்த்திய கையை மும்முறை சுடாமலே இறக்கினாள். பயிற்றுநர் அவளைப் பாராட்டியது அன்றுதான். சுட்டதற்காக அன்று, சுடாமல் இறக்கியதற்காக.

இத்துறையிற் சிறந்தோரின் வரலாறும் பொறுமையின் வரலாறே. 2021இல் தோக்கியோவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி போட்டியின் நடுவே பழுதுற்றது. அவர் இறுதிச் சுற்றை எட்டவில்லை. 2024 ஜூலை 28இல் பிரான்சின் ஷாத்தூரூ சுடுகளத்தில் அவரே வெண்கலம் வென்று, இத்துறையில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அதே களத்தில் ஓகஸ்ட் 3இல் 25 மீற்றர் போட்டியில் பிரெஞ்சு வீராங்கனை கமீய் ஜெட்ஷெயெவ்ஸ்கி வெள்ளி வெல்ல, மனு நான்காம் இடம் பெற்றார். கடலூரிற் பிறந்த தமிழ் மங்கை இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் அங்கு போட்டியிட்டுப் பத்தாம் இடத்தைப் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு எண்மரே செல்வர்.

ஹங்கேரி நாட்டின் கரோலி டக்காச்சின் கதையை அம்மம்மாவிற்கும் கூறினோம். 1938இல் இராணுவப் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து அவரது வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையாற் பயின்று 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்றார். கை இழந்தோரையும் கால் இழந்தோரையும் உறவினராகக் கொண்ட சமூகத்தவர் நாம். அம்மம்மா நெடுநேரம் ஒன்றும் கூறாதிருந்தார். பின்னர், "தூக்கினால் சுடாமல் இறக்கலாமோ? அதுக்கு ஆரும் ஏசமாட்டினமோ?" என்று கேட்டார். "இல்லை அம்மம்மா, அதைத்தான் செய்யச் சொல்லுகினம்" என்றாள் பேத்தி. அம்மம்மா இன்றும் சுடுகூடத்திற்கு வருவதில்லை. வருமாறு நாமும் வற்புறுத்துவதில்லை. லா சப்பலில் மரக்கறி வாங்கி, ஐந்தாம் இலக்க மெற்றோவில் அவர் வீடு திரும்பும் சனிக்கிழமைகளில், பிள்ளை பயிற்சி முடித்து வரும்வரை உணவை மட்டும் மூடி வைத்துக் காத்திருப்பார்.

நாம் மகளுக்கு விதித்த நிபந்தனைகள் மூன்று. துப்பாக்கியுடன் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்புதலாகாது. அதனை வீரமென்று பேசுதலாகாது. அம்மம்மாவின் கதைகளைக் கேட்காமல் விடுதலாகாது. இறுதி நிபந்தனையே முதன்மையானது. ஆயுதம் மனிதர்க்கு என்ன செய்தது என்பதை அறியாத பிள்ளையின் கையில் விளையாட்டுத் துப்பாக்கியும் தகாது என்பது எமது கருத்தாகும். இத்துறை அனைவருக்கும் உகந்ததென நாம் கூறவரவில்லை. வேண்டாமென முடிவெடுக்கும் இல்லங்களின் உணர்வும் மதிப்பிற்குரியதே. பிள்ளை ஒன்றை விரும்பிக் கேட்கும்போது, அச்சத்தால் மட்டும் கதவடைக்காது, சென்று பார்த்து, மூத்தோரையும் கேட்டு முடிவெடுப்போமாக.

மாணவச் செல்வங்களே! உமது துறை எதுவாயினும் ஆகுக. தூரத்து இலக்கை எண்ணி மயங்காது, கண்முன் உள்ள சிறு பணியை நேர்செய்க. சினத்தில் எழும் சொல்லையும், அவசரத்தில் எழுதும் விடையையும் ஒரு கணம் இறக்கி வைத்து, மூச்சு விட்டு, மீண்டும் தொடங்குக. ஆண்டு விழாக் காணும் எம் தமிழ்ப் பள்ளி மென்மேலும் வளர்க! அன்னைத் தமிழ் வாழ்க!