மண்ணுக்குள் பூட்டிய நீலம்

உயர்தரத்தில இரசாயனவியல் படிச்ச ஆக்களுக்கு ஒரு பிரிவினை மனசில நல்லாப் பதிஞ்சிருக்கும்: சேதனம் வேற, அசேதனம் வேற. ரியூசனுக்கே ரெண்டு கொப்பி. சேதனம் எண்டால் காபன் சங்கிலிகள், கருகும், வெளிறும். அசேதனம் எண்டால் கல்லு, மண், உப்பு. இந்தப் பிரிவுக்குள் அடங்காத ஒரு பொருளைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக வாசிச்சுக்கொண்டிருக்கிறன். அதற்குப் பெயர் மாயா நீலம்.

மெக்சிக்கோவின் சியாப்பாஸ் காட்டுக்குள் பொனம்பாக் என்ற இடத்தில் கி.பி. 790 அளவில் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஈரமும் வெக்கையும் நிறைந்த காடு. 1200 வருசம் கழிச்சும் அந்த நீலம் நீலமாகவே இருக்கு. செறிந்த நைத்திரிக் அமிலம் விட்டாலும் போகாது. அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் இதை அசேதன நிறமி என்று நினைத்தார்கள்.

உண்மையில் உள்ளே இருந்தது இன்டிகோ. எங்கட சித்த மருத்துவத்தில் வாற அவுரிச் செடியில் இருந்து கிடைக்கிற அதே மூலக்கூறு. மாயர் எடுத்தது அதற்குச் சொந்தக்காரச் செடி ஒன்றில் இருந்து. வெறும் இன்டிகோவில் நைத்திரிக் அமிலம் பட்டால் நிறம் போயிடும். இங்கே அதைக் காப்பாற்றியது பலிகோர்ஸ்கைற் என்ற வெள்ளைக் களி. அதன் படிகத்துக்குள் ஒரு நானோமீற்றரை விட ஒடுங்கிய குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வழமையாக அதற்குள் தண்ணி இருக்கும். களியோடு இன்டிகோத் தூளைச் சேர்த்து அரைச்சு, 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே சூடாக்கினால் தண்ணி வெளியேறும், இன்டிகோ அந்த இடத்தைப் பிடிக்கும். முழுசா உள்ளே போகுதா, இல்லாட்டி வாசலை அடைச்சுக்கொண்டு நிற்குதா எண்டு விஞ்ஞானிகள் இன்னும் சண்டை பிடிக்கினம். 100 கிராம் களிக்கு ஒன்றிரண்டு கிராம் சாயம் போதும். சூடு காட்டாட்டி அது வெறும் கலவைதான். 1966இல் வான் ஒல்பன் என்பவர் இதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்.

சரி, மாயர் எங்கே சூடாக்கினார்கள்? சிச்சென் இற்சாவில் புனிதக் கிணறு ஒன்று இருக்கு. நரபலி கொடுத்த இடம். பலியாகிறவரின் உடம்பிலும் இந்த நீலத்தைத்தான் பூசினார்கள். (அழகான நிறம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போக எனக்கு மனமில்லை.) அந்தக் கிணற்றில் இருந்து 1904இல் எடுத்த கிண்ணம் ஒன்றில் கோபல் எனும் சாம்பிராணி ஒட்டியிருந்தது. 2008இல் வெளியான ஆய்வு, அந்தச் சாம்பிராணிக்குள் களியின் எச்சமும் இன்டிகோவின் எச்சமும் இருப்பதைக் காட்டியது. பூசைக்கு மூட்டிய நெருப்பே உலை.

செய்முறை எழுதிய ஏடு ஒன்றும் மிஞ்சவில்லை. 1562இல் மனி என்ற ஊரில் தியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயரின் ஏடுகளைக் குவிச்சு எரிச்சார். நூலகம் எரிஞ்ச ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதை வைச்சு 'தொலைந்த இரகசியம்' எண்டு எழுதுறவைதான் கனபேர். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. 1960களில் மானிடவியலாளர் டீன் ஆர்னோல்ட், யுகற்றானில் உள்ள திகுல் ஊர்க் குயவர்களோடு போய்க் கதைச்சார். அவர்கள் ஒரு களியை மட்டும் மற்றதுகளில் இருந்து பிரிச்சு, 'சக் லூம்', வெள்ளை மண், எண்டு தங்கட மொழியில் சொல்லிக்கொண்டிருந்தினம். சோதிச்சுப் பார்த்தால் பலிகோர்ஸ்கைற். சட்டி பானைக்கும் சேர்த்தினம், வயித்தாலை போனால் மருந்தாகவும் குடிச்சினம்.