சேம அச்சு

யோங் பெங் நகரத் தேநீர்க்கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அமர்ந்திருப்போர் சில வேளைகளில் ஓர் அரிய காட்சியைக் காண்பதுண்டு. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய சாலையில் பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசையாக வரும். அவற்றுள் ஒன்றேனும் இந்த நூற்றாண்டில் பிறந்ததன்று. கூரையற்ற எம்.ஜி. ஒன்று வரும், டிரையம்ஃப் ஒன்று வரும், வட்ட விழிகளை உருட்டிக்கொண்டு ஆஸ்டின் ஹீலி ஒன்று வரும். ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர் பலரும் தவணைக் கடனில் வாங்கி ஓட்டிய மோரிஸ் மைனரும், அந்தப் பந்தயக் கார்களின் நடுவே சற்றுக் கூச்சத்தோடு வரும்.

கடையின் எதிரே அவை நிற்கும். ஒருவர் தம் வண்டியின் முன்மூடியைத் திறந்து ஆவி அடங்கும்வரை காத்திருப்பார். மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்பர். ஒருவர் வண்டி நின்றால் எல்லார் வண்டியும் நிற்கும். மிக மெல்லச் செல்லும் வண்டியின் வேகமே கூட்டத்தின் வேகம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றபின், ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவை இரண்டரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம். இவர்களோ அரை நாளைச் செலவிட்டு அதே ஊரை அடைவர். பணம் மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்று கடைக்காரர் சிரிப்பார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் அந்தக் கார்களின் பின்பெட்டியை எட்டிப் பார்த்தவர்க்கு வேறொன்று புலப்படும். விசிறி பெல்ட், பிளக்கு, ரப்பர்க் குழாய் என்று உதிரிப் பொருள்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். தம் காருக்குச் சிறிதும் பொருந்தாத, நண்பர் காருக்கே பொருந்துகின்ற ஒன்றையும் ஒருவர் சுமந்து வந்திருப்பார்.

இது புதிய வழக்கமன்று. தமிழ் பயில்வோர் இதனைப் புறநானூற்றிலேயே கண்டிருப்பர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர் தனித்துச் செல்வதில்லை; கூட்டமாகவே சென்றனர். வழியோ நெடியது. பாரமோ பெரியது. பூட்டிய எருதுகளும் நுகத்துக்குப் புதியவையாக இருக்கும். எந்தப் பள்ளத்தில் எது முறியுமோ என்று எண்ணிய அவர்கள், வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டி வைத்தே புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், யானையையும் வேலையும் விட்டுவிட்டு, உப்பு வண்டிக்காரர் கட்டிவைத்த அந்த மரத்துண்டையே உவமையாக எடுத்துக்கொண்டார். ஓர் இளவரசனுக்கு அதனினும் பெருமை தரும் உவமை உண்டோ?

ஜொகூர் வழியே நிகழ்ந்த கூட்டுப் பயணங்களுள் மிக நெடியதாகிய ஒன்றை எண்ணும்போது இந்த உவமையே முன்வந்து நிற்கிறது.

1955 செப்டம்பர் முதல் நாள், லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர் வண்டிகள் சிங்கப்பூரை நோக்கிப் புறப்பட்டன. அவற்றை விரைவுக்குப் பெயர்போனவை என்று சொல்ல இயலாது. உழவர்க்கும் படைவீரர்க்கும் உதவும் வண்டிகள். இரண்டு லிட்டர் எஞ்சின் பூட்டியவை. கருநீல வண்டிக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றும், இளநீல வண்டிக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். உள்ளே இருந்தவர் அறுவர். அவ்விரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர். டிம் ஸ்லெஸ்ஸர், ஏட்ரியன் கவுல், ஹென்றி நாட், பாட் மர்ஃபி, நைஜெல் நியூபரி, ஆன்டனி பாரிங்டன் பிரவுன் என்போர் அவர். நாட் எஞ்சினைக் கவனித்தார். மர்ஃபி வழி பார்த்தார். படம் எடுக்கும் பொறுப்பு பாரிங்டன் பிரவுனுடையது. இவரை அறிவியல் ஆசிரியர்கள் அறியாமலே அறிவர். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. மாதிரியின் அருகே நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் இவரே.

அறுவரிடமும் பணம் இல்லை. நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே பயணத்துக்கு வேண்டியவற்றைத் திரட்டினர். பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் ஆட்டன்பரோ அவர்களுக்குப் படச்சுருள் கொடுத்து உதவினார். பயணம் முடிந்தபின் ஸ்லெஸ்ஸர் எழுதி 1957இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை தந்தவரும் அவரே.

அந்நூலின் பெயர் ‘முதல் தரைவழிப் பயணம்’ என்று பொருள்படும். ‘முதல்’ என்னும் சொல்லைச் சற்று ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். பிரான்சிஸ் பர்ட்டில்ஸ் என்னும் ஆஸ்திரேலியர் 1927 அக்டோபரில் லண்டனை விட்டுப் பீன் கார் ஒன்றில் கிளம்பி, இந்தியா, பர்மா, மலாயா வழியாக 1928 ஜூலையில் மெல்பர்ன் சேர்ந்தார். அந்தக் கார் கான்பெராவில் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. ஆனால் பர்ட்டில்ஸ் பயணம் பெரும்பாலும் ஒற்றை மனிதரின் பிடிவாதம். அறுவர் சென்றதோ கூட்டம். ஒரு வண்டி சேற்றில் அமிழ்ந்தால் மற்றொன்று இழுக்கும். ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் மற்றொருவர் ஓட்டுவார். உமணர் முறை அதுவே.

இந்தியா வரைக்கும் சாலை உண்டு. முன்பே பலர் வந்திருந்தனர். இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையில்தான் முன்பு முயன்றோர் திரும்பினர். அங்கே இருந்தது லெடோ சாலை. 1942 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் திட்டப்படி தொடங்கப்பட்டு, அசாமின் லெடோவிலிருந்து சீனத்தின் குன்மிங் வரை 1,736 கிலோமீட்டர் நீண்ட போர்க்காலச் சாலை அது. அதை அமைக்கையில் ஏறத்தாழ 1,100 அமெரிக்கர் உயிரிழந்தனர். உடன் உழைத்த ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். அவருள் மாண்டவர்க்கு அத்தகைய கணக்கு இல்லை. போர் முடிந்தது, சாலையைக் காடு விழுங்கத் தொடங்கியது. பத்து மழைக்காலங்களுக்குப் பின் அறுவர் அங்கே சென்றபோது பாலங்கள் பல இல்லை. ஆற்றில் இறங்கி ஏறியும், வெட்டியும் விலக்கியும் அந்த வழியை அவர்கள் கடந்தனர்.

அத்தகைய வழியைக் கடந்து, பர்மாவையும் சயாமையும் தாண்டி வந்தவர்களுக்கு 1956 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாவின் தார்ச்சாலை எவ்வாறு தோன்றியிருக்கும்? பயண நூல்கள் நல்ல சாலையைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. பேசுவதற்கு அங்கே ஒன்றும் நிகழ்வதில்லை. ஆனால் சாலைக்கு இருமருங்கும் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்தது சிறிதன்று. அவசரகாலம் எட்டாம் ஆண்டை எட்டியிருந்தது. பாலிங் பேச்சுவார்த்தை டிசம்பரில் முறிந்திருந்தது. ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் செல்வோர் கைச்சோறு கொண்டுபோகவும் தடை இருந்தது. வாயிலில் சோதனை நடந்தது. மறுபுறம், லண்டன் உடன்பாட்டோடு திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காவில் விடுதலை நாளை அறிவித்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. அச்சமும் எதிர்பார்ப்பும் ஒருங்கே நிறைந்திருந்த மண்ணின் வழியே அவ்விரு வண்டிகளும் தெற்கே ஓடின.

அந்தச் சாலை தானாக வழவழப்பாகிவிடவில்லை. மலாயாவின் இருப்புப்பாதைகளிலும் பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் கல் உடைத்தவரும், தலைச்சட்டியில் சரளை சுமந்தவரும், தார் காய்ச்சியவரும் பெரும்பாலும் தமிழர். கொதிக்கும் தாரின் அருகே காலில் சாக்குத்துணி சுற்றி நின்றவர்களின் பேரர்கள் பலர் இன்று அதே சாலையில் கார் ஓட்டுகின்றனர். லெடோவில் உழைத்தவர்க்கும் இவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் அமைத்த சாலையைக் காடு கொண்டது. இவர் அமைத்தது நிலைத்தது.

ஜொகூரின் தென்முனையில் இருப்பது கடற்பாலம். 1923இல் அதன்மேல் இரயில் ஓடியது. 1924 ஜூனில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நீளம் 1,056 மீட்டர். புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல்லைக் கொணர்ந்து கடலில் கொட்டி எழுப்பினர். 1942 ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே அதை வெடிவைத்துப் பிளந்தது. வென்று வந்த ஜப்பானியர் விரைவில் செப்பனிட்டுக் கடந்தனர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1956 மார்ச் 6ஆம் நாள், சேறு படிந்த இரு லேண்ட்ரோவர்கள் சிங்கப்பூரில் நின்றன. லண்டனை விட்டு ஆறு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன.

வண்டிகளின் பிற்கால வரலாறு மனிதர் வரலாற்றினும் விந்தையானது. கேம்பிரிட்ஜ் பின்னொரு பயணத்தில் ஈரானிய மலைவழியில் உருண்டு அழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, பறவை ஆராய்வோருடன் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவுக்குச் சென்றது. பின்பு செயின்ட் எலினா தீவை அடைந்து, துருவேறிக் கிடந்தது. 2017இல் அதை இங்கிலாந்துக்கு மீட்டுக் கொணர்ந்து மீண்டும் ஓடும்படி செய்தனர். எஸ்.என்.எக்ஸ். 891 என்னும் அதன் பழைய எண் மாறவில்லை.

ஓடும் வண்டி கிடைத்தபின் ஆசை சும்மா இருக்குமா? இம்முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு, திரும்பும் திசையில், அதே வண்டியை ஓட்டிச் செல்வதென முடிவாயிற்று. திரைப்படம் எடுக்கும் அலெக்ஸ் பெஸ்கோபி தலைமை தாங்கினார். துணைக்கு வேறு வண்டிகளும் ஆயத்தமாயின. ஸ்லெஸ்ஸருக்கு அப்போது வயது எண்பத்தேழு. உடன் சென்ற நண்பருள் கவுல் 2011இலும், பாரிங்டன் பிரவுன் 2012இலும் மறைந்துவிட்டனர். ஸ்லெஸ்ஸர் வருவதாக இசைந்தார். முன்பு இளைஞராய் வந்து சேர்ந்த ஊரிலிருந்து முதியவராய் வீடு திரும்புவது என்பது எத்தகைய பயணம்! அறுபத்து மூன்று ஆண்டு இடைவெளி விட்டு ஒரு வழியின் மறுபாதியை நடப்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அது அவருக்கும் வாய்க்கவில்லை. புறப்பாடு நெருங்கிய வேளையில் அவர் நோயுற்றார். உடல் இடம் தராது என்பது தெளிவாயிற்று. ஆட்கள் வந்துவிட்டனர், பல நாடுகளின் அனுமதி பெற்றாயிற்று, வண்டி காத்திருந்தது. வண்டிக்கு உதிரிப் பொருள் அனைத்தும் எடுத்து வைத்திருந்தனர். அந்த மனிதருக்கு மாற்றாக எதை வைப்பது?

அவருடைய பேரன் நேட் ஜார்ஜ், இருபத்தொரு வயதினர், பாட்டனாரின் இருக்கையில் ஏறி அமர்ந்தார். 2019 ஆகஸ்ட் 25ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியது. கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் மண்ணில் ஏறியது. பாட்டனார் கண்ட ரப்பர்த் தோட்டங்களில் பல செம்பனைத் தோப்புகளாக மாறியிருந்தன. மலேசியா, தாய்லாந்து, மியன்மார், இந்தியா, நேப்பாளம், திபெத் என்று நடு ஆசியாவின் வழியே சென்ற அந்தப் பழைய வண்டி, 111ஆம் நாளாகிய டிசம்பர் 14இல் லண்டனை அடைந்தது.